முதல் ஈடு

ஆச்சி வீட்டு வளவில் லேப்டாப் வைக்கத் தோதாக மேசை எதுவும் இல்லை. தூண் ஓரமாகக் கிடந்த மரப்பெட்டியின் மேல் வைத்துத் திறந்தேன். ஆச்சி செய்து விற்கும் பலகாரங்களுக்கு ஆர்டர் எடுப்பதற்கான செயலி. 4 பேர் 5 மாதம் செய்த வேலை. அதற்கு முன்னால் நான் உட்கார்ந்து எழுதிய தேவைப் பட்டியல் மட்டும் 46 பக்கம். கடைசிப் பக்கத்தில் ஆச்சியின் கையெழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தவர்கள் கேட்டார்கள்: "ஏன்த்தா, இதுல எண்ணிக்கை எங்க போடுறது?"

எண்ணிக்கை போட இடமே இல்லை. எல்லாம் கிலோக் கணக்கில் இருந்தது. பலகாரம் என்றால் கிலோதானே என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். ஆச்சியிடம் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ பார்சல் கேட்பவர்கள்தான் கிலோவில் கேட்பார்கள். கல்யாணச் சீருக்கு வருகிறவர்கள் அதிரசம் இத்தனை, கைமுறுக்கு இத்தனை, மாவுருண்டை இத்தனை என்று எண்ணித்தான் சொல்வார்கள். ஒன்று குறைந்தாலும் சபையில் பேச்சாகிவிடும்.

அடுத்தது, செயலி எடுத்த எடுப்பில் மொபைல் நம்பர் கேட்டது. ஆச்சிக்கு வாடிக்கையாளர்களை விலாசத்தால்தான் தெரியும். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த நாலெழுத்தோ ஐந்தெழுத்தோ, அதன் பின்னால் ஊர்: பள்ளத்தூரா, கொத்தமங்கலமா, கோனாபட்டா. ஒரே வீட்டிலிருந்து மகள் ஒரு நம்பரில் கூப்பிடுவாள், மருமகன் வேறு நம்பரிலிருந்து பணம் போடுவார், பலகாரத்தை எடுக்க டிரைவர் வருவார். எங்கள் செயலியில் அது மூன்று வாடிக்கையாளர்.

மூன்றாவதுதான் பெரிய தவறு. ஒரு ஆர்டருக்கு ஒரு தேதி என்று கட்டியிருந்தோம். தேன்குழலும் மாவுருண்டையும் வாரக்கணக்கில் தாங்கும். முன்கூட்டியே செய்து டின்னில் அடைத்துவிடலாம். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் அன்றைக்கு ஊற்றி அன்றைக்கே கொடுக்க வேண்டியவை. ஒரே வீட்டு ஆர்டர் மூன்று நான்கு தேதிகளாகப் பிரியும். அடுப்பங்கரையில் அரை நாள் நின்றிருந்தால் இது தெரிந்திருக்கும். நான் நிற்கவில்லை. முகப்பில் உட்கார்ந்து, தட்டில் வந்த பலகாரத்தைத் தின்றபடி கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆச்சி கோபப்படவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்கீக. நான் நோட்டுலயே எழுதிக்கிறேன்" என்றார்கள்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் இதை யாரும் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. கையெழுத்து இருக்கிறது, எழுதியதைக் கொடுத்துவிட்டோம், மீதிப் பணத்தை வாங்கி வா என்றார்கள். ஆச்சி மறுபேச்சு இல்லாமல் காசோலை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பையில் வைத்துக்கொண்டு கானாடுகாத்தானில் பஸ்ஸுக்கு நின்ற அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவே போவதில்லை. இரண்டு மாதத்தில் அந்த வேலையை விட்டேன்.

நான் ஏன் அப்படி வேலை செய்தேன் என்பதற்கு என் ஊரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்தது ஆத்தங்குடி. அப்பா பூக்கல் பட்டறை வைத்திருக்கிறார்; வீட்டுத் தரையில் பதிக்கிற பூப்போட்ட கல். பி.காம். முடித்துவிட்டு 9 வருஷம் அங்கேதான் கணக்கு எழுதினேன். பூக்கல் செய்வதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம், சிமெண்டில் கரைத்த சாயம், கரண்டியால் ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்து அச்சை நேராகத் தூக்கினால் நிறம் நிறமாக நிற்கும். கை ஆடினால் பூ கலைந்துவிடும். அதன் மேல் மணலும் சிமெண்டும் உலர்வாக ஒரு அடுக்கு, பிறகு ஈரக் கலவை ஒரு அடுக்கு. இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், வெயிலில் காயும். சூளை என்று ஒன்று கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

செய்கிற நேரம் முழுக்கப் பூ கீழே பார்த்துக் கிடக்கும். முகத்தைப் பார்ப்பது கண்ணாடி விலகின பிறகுதான். இறுகிய கல்லில் ஒரு இதழைக்கூட மாற்ற முடியாது, உடைத்துத்தான் போட வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் வேலை என்றால் முதலில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட வேண்டும், அச்சு சரியாக இருக்க வேண்டும், அதன் பிறகு ஊற்ற வேண்டும், பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பாதியில் யாருக்கும் காட்டக் கூடாது. கல்லுக்கு இது முழுக்கச் சரி. நான் இதே பழக்கத்தோடு மென்பொருளுக்குள் வந்தேன். 46 பக்கப் பட்டியல்தான் என் அச்சு. 5 மாதம் முகம் கீழே கிடந்தது.

பிறகு படிக்கும்போது தெரிந்தது, மென்பொருள் உலகமே பல காலம் இப்படித்தான் செய்திருக்கிறது. தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று படிப்படியாக இறங்கும் முறைக்கு வாட்டர்ஃபால் என்று பெயர். 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் இருக்கும் படத்தைத்தான் அதற்கு மூலம் என்று காட்டுவார்கள். அதே கட்டுரையில் அவர், இப்படியே செய்தால் ஆபத்து என்றும் எழுதியிருக்கிறார். சோதனை கடைசியில் வருவதால், தவறு தெரியும்போது திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். படத்தை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

இப்போது இருக்கும் இடம் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு மாடி. என்னையும் சேர்த்து 6 பேர். நடத்துகிற அண்ணன் தேவகோட்டைக்காரர், சென்னையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். சேர்ந்த அன்றைக்கே "அஜைல் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நல்லது. தப்பாத் தெரிஞ்சிருந்தா மறக்கடிக்கணும்" என்று சொல்லி, அஜைல் வழியில் ஒரு குழு எப்படி வேலை செய்வது என்று சொல்லும் ஸ்க்ரம் முறையின் கையேட்டை அச்சடித்துக் கொடுத்தார். பதினைந்து பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு முறையையே இத்தனை சின்னதாக எழுத முடியுமா என்று முதலில் நம்பிக்கை வரவில்லை.

அதற்கு முன் படிக்க வேண்டியது அஜைல் அறிக்கை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதியது. ஆளாளுக்கு வேறு வேறு முறை வைத்திருந்தவர்கள், தங்களுக்குள் பொதுவானது என்ன என்று பேசி நான்கு வரிக்கு வந்தார்கள். முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்கள் கலந்து பேசுவதும் மேல். விரிவான ஆவணத்தை விட ஓடுகிற மென்பொருள் மேல். ஒப்பந்தப் பேச்சை விட வாடிக்கையாளரோடு சேர்ந்து செய்வது மேல். போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொள்வதை விட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல். வேண்டாம் என்று எதையும் தள்ளவில்லை. பின்னால் வைத்ததற்கும் மதிப்பு உண்டு, முன்னால் வைத்ததற்கு இன்னும் அதிக மதிப்பு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அஜைல் என்றால் ஆவணமே எழுதக் கூடாது என்று சொல்கிறவர்கள் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வரியில் நான் நின்றுவிட்டேன். ஆச்சி கொடுத்த காசோலை அந்த வரியில்தான் இருந்தது. கையெழுத்து எங்கள் பக்கம், நியாயம் ஆச்சி பக்கம்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப போய்த் திரும்பக் கேளுங்க. காசு பேச வேண்டாம்" என்றார். போனேன். இந்தத் தடவை முகப்பில் உட்காரவில்லை. இரண்டு நாள் அடுப்பங்கரையில் நிற்கட்டுமா என்று கேட்டேன். ஐப்பசி பிறக்க இரண்டு மாதம் இருந்தது, ஆர்டர்கள் வர ஆரம்பித்திருந்தன. ஆச்சி மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து அடுப்பு மேட்டில் வைத்தார்கள். தேன்குழல் மாவைக் குழலில் அடைத்து முதல் ஈடு பிழிந்தார்கள். அதில் ஒன்றைப் பிள்ளையாருக்கு எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றை உடைத்தார்கள். சத்தத்தைக் கேட்டார்கள், வாயில் போட்டார்கள், பிசைகிற அக்காவைப் பார்த்து, "கடுக்குனு இருக்கு, வெண்ணெய் இன்னும் கொஞ்சம்" என்றார்கள். அடுத்த ஈடு எண்ணெயில் பிரிந்தது. வெண்ணெய் கூடிவிட்டது. கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைந்தார்கள். மூன்றாவது ஈட்டுக்குப் பிறகுதான் பெரிய அடுக்கு மாவில் கைவைத்தார்கள்.

நாற்பது வருஷமாகத் தேன்குழல் சுடுகிற கை. அளவு தெரியாமலா? "அரிசி மாறுது, உளுந்து மாறுது, மழைக்காலத்துல மாவு வேற மாதிரி. முதல் ஈடு சொல்றதத்தான் கேக்கணும்" என்றார்கள்.

ஸ்க்ரம் கையேட்டில் மூன்று தூண்கள் என்று ஒரு பகுதி உண்டு: வெளிப்படையாக இருப்பது, சோதித்துப் பார்ப்பது, அதற்கேற்பத் திருத்திக்கொள்வது. நான்கு தடவை படித்தும் பரீட்சைக்குப் படித்த மாதிரியே இருந்த அந்தப் பகுதி, அன்றைக்கு எண்ணெய்ப் புகைக்கு நடுவில் புரிந்தது.

ஆச்சியிடம் கேட்டேன்: இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறேன், பாதி வேலையைக் கொண்டுவருவேன், உடைத்துப் பார்த்துச் சொல்வீர்களா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன், வியாழக்கிழமை வா என்றார்கள். இந்த இரண்டு வாரத்துக்குத்தான் ஸ்பிரிண்ட் என்று பெயர். கையேட்டின்படி ஒரு மாதத்துக்கு மிகக் கூடாது, அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை ஆச்சி முன்னால் வைப்பதுதான் ஸ்பிரிண்ட் ரிவ்யூ.

முதல் ஸ்பிரிண்டில் செய்தது ஒரே ஒரு திரை. விலாசம், ஊர், பலகாரம், எண்ணிக்கையா கிலோவா. அவ்வளவே. பில் இல்லை, லாகின் இல்லை, ஆச்சியின் கடைப் பெயர்கூட மேலே இல்லை. அதைக் கொண்டுபோக எனக்கு அப்படி ஒரு கூச்சம். முக்கால் வேக்காட்டில் இலையில் பரிமாறுகிற மாதிரி இருந்தது. ஆச்சி 10 நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுல தேதி பலகாரத்துக்குப் பக்கத்துலயே வரணும்த்தா" என்றார்கள். 5 மாதத்துக்குப் பிறகு கேட்ட கேள்வியை 14-ஆவது நாள் கேட்டுவிட்டார்கள். மாற்ற எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது.

இனி எல்லாம் நன்றாகவே போனது என்று எழுத முடியாது. முறையைப் படித்துவிட்டு அதைத் தப்பாகச் செய்த மாதங்களும் உண்டு.

காலைக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிஷம், தினமும், ஒரே நேரம், ஒரே இடம். ஊரில் எல்லா அலுவலகத்திலும் நின்றுகொண்டு பேசுவதால் ஸ்டாண்ட்-அப் என்கிறார்கள். நான் அதை வருகைப் பதிவேடு ஆக்கிவிட்டேன். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், தடை என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்து ஒப்பிப்பார்கள். பட்டறையில் கூலிக் கணக்கு எழுதிய பழக்கம். அண்ணன் ஒரு வாரம் பார்த்துவிட்டு, 2020-ல் வந்த கையேட்டில் அந்த மூன்று கேள்விகளையே எடுத்துவிட்டார்கள் என்று காட்டினார். அந்தக் கூட்டம் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்வதற்கானது. மேலாளருக்குக் கணக்குச் சொல்வதற்கு இல்லை. அடுத்த நாளிலிருந்து நான் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். இப்போது ஒரே கேள்விதான்: வியாழக்கிழமை ஆச்சி முன்னால் வைக்க வேண்டியதற்கு இன்றைக்குக் குறுக்கே நிற்பது எது? சில நாள் 6 நிமிஷத்தில் முடிகிறது.

பலகையில் இதைவிடப் பெரிய தவறு செய்தோம். சுவரில் 'செய்ய வேண்டியது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று மூன்று கட்டம் போட்டு, மஞ்சள் சீட்டு ஒட்டுவோம். இந்தப் பலகை கான்பான் வழியாக வந்தது. டொயோட்டா கார் ஆலையில் தாய்ச்சி ஓனோ கொண்டுவந்த முறை. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் அலமாரியிலிருந்து எடுத்த அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்புகிற பழக்கத்திலிருந்து அந்த யோசனையை எடுத்ததாகச் சொல்வார்கள். எங்கள் பலகையில் 'நடக்கிறது' கட்டத்தில் 12 சீட்டு இருந்தன. எல்லோரும் எந்நேரமும் வேலையாக இருந்தோம், முடிந்த கட்டத்துக்கு வாரம் 3 சீட்டுதான் போனது. கணக்குப் படித்தவள் என்பதால் அண்ணன் எனக்கு லிட்டில் விதியைச் சொல்லிக்கொடுத்தார். நடப்பில் இருப்பதை, வாரத்துக்கு முடிவதால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் இழுக்கும் என்று வரும். 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 வாரம். நடப்பில் 6 மட்டும் வைத்து, அதே 3 முடிந்தால் 2 வாரம். ஆளும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை, ஆச்சி கேட்டது பாதி நாளில் கைக்கு வருகிறது.

ஆச்சியிடம் இரண்டு இருப்புச்சட்டிதான் ஏறும். மூன்றாவது அடுப்பு இருந்தும் பற்றவைக்க மாட்டார்கள். எடுத்து வடிக்க ஆள் இல்லாமல் எண்ணெயில் கிடந்தால் கருகும் என்பார்கள். நாங்கள் 'நடக்கிறது' கட்டத்துக்கு மேல் "6" என்று சிவப்பில் எழுதினோம். ஆறுக்கு மேல் சீட்டு நகரக் கூடாது; கை காலியாக இருப்பவர் புதிதாக எடுக்காமல், நடப்பில் இருப்பதற்குப் போய் உதவ வேண்டும். எங்கள் வேலையை மாற்றிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னால் நான் இந்தச் சிவப்பு ஆறைத்தான் சொல்வேன்.

மதிப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேலையை மணிக்கணக்கில் சொல்லாமல் 1, 2, 3, 5, 8, 13 என்று ஒப்பிட்டு எண் கொடுப்போம். எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்புவோம். ஒருவர் 3, ஒருவர் 13 என்று காட்டினால் இருவரும் ஏன் என்று பேச வேண்டும். அந்தப் பேச்சுதான் பயன், எண்ணைப் பிறகு மறந்துவிடலாம். ஸ்க்ரம் கையேட்டில் இந்தப் பாயிண்ட் கணக்கே கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணை வைத்து ஆளை அளக்க ஆரம்பித்தால் அடுத்த மாதமே எல்லா வேலையும் 13 ஆகிவிடும்.

'முடிந்தது' என்றால் என்ன என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும், அதற்கு டெஃபினிஷன் ஆஃப் டன் என்று பெயர். எங்கள் தம்பிகளுக்குத் தங்கள் கணினியில் ஓடினால் முடிந்தது. பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு சுவரில் எழுதியது இது: சோதித்தாயிற்று, இன்னொருவர் நிரலைப் பார்த்தாயிற்று, ஆச்சியின் பழைய போனில் எழுத்துப் பெரிதாக வைத்தும் திரை உடையாமல் வருகிறது. மூன்றாவது வரி வந்த பிறகு, 'முடிந்தது' கட்டத்திலிருந்து 4 சீட்டைத் திரும்ப எடுத்து வந்தோம்.

ஒவ்வொரு ஸ்பிரிண்டும் முடிந்ததும் ரெட்ரோ. செய்த பொருளைப் பற்றிப் பேசுவது ரிவ்யூ, செய்த விதத்தைப் பற்றிப் பேசுவது ரெட்ரோ. இதைத்தான் முதலில் கைவிடுவார்கள், நேரமில்லை என்று. எங்கள் நான்காவது ரெட்ரோவில், குழுவிலேயே சின்னவன், திருப்பத்தூர்த் தம்பி, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அக்கா, ஆச்சி ஏதாச்சும் கேக்க ஆரம்பிச்சா, அவங்க முடிக்கிறதுக்குள்ள நீங்க பதில் சொல்லிடுறீங்க."

அறையில் யாரும் பேசவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. உண்மைதான் என்பதால்தான் அப்படி இருந்தது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்காமல் வளர்ந்த 22 வயதுப் பையன், தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவளிடம் அதைச் சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும் என்று வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்துக்கொண்டேன். ஸ்க்ரம் சொல்லும் ஐந்து பண்புகளில் துணிவும் ஒன்று, மரியாதையும் ஒன்று. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்ததை அன்று பார்த்தேன்.

அடுத்த வியாழனுக்கு ஒரு ஏற்பாடு செய்தோம்: முதல் 10 நிமிஷம் நான் பேசக் கூடாது, தம்பி குறிப்பெடுப்பான். போனை ஆச்சி கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். பேசாமல் நின்றதால் பார்க்க முடிந்தது. மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் திரையைத் தொட்டார்கள். துடைத்தும் ஈரம் இருந்தது, தொட்டதைப் போன் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை தொட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். அதாவது பகலில் வரும் ஆர்டர் எதுவும் செயலிக்குள் போகவே போகாது. ராத்திரி ஞாபகத்திலிருந்து ஏற்றுவார்கள், இல்லை நோட்டில் எழுதுவார்கள். எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் ஆச்சி இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கே இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. பேசினால் எழுதிக்கொள்கிற வசதி அடுத்த ஸ்பிரிண்டில் முதல் வேலையானது. எந்தத் தேவைப் பட்டியலிலும் அது இருந்ததில்லை.

எது முதலில் என்று தீர்மானிக்கிறவர் ஒருவராக இருக்க வேண்டும். அவர்தான் பிராடக்ட் ஓனர். எங்களில் அது நான். ஆச்சியின் மருமகன் போனில் விற்பனை வரைபடம் கேட்டார், பேத்தி கடைக்கு அழகான முகப்பு கேட்டாள். இரண்டும் நல்ல யோசனைகள். இனி செய்ய வேண்டியவற்றை எழுதும் பேக்லாகில் எழுதிவைத்து, கீழே வைத்தேன். பேக்லாக் என்பது வரிசை. எல்லாமே அவசரம் என்றால் அது வரிசை ஆகாது. தீபாவளி எங்களுக்காகத் தள்ளிப்போகாது. தேதியை நகர்த்த முடியாதபோது வேலையைத்தான் குறைக்க வேண்டும். பணம் கட்டும் வசதியைத் தைரியமாக எடுத்துவிட்டு, ஆர்டரும் தேதியும் மட்டும் பிசகாமல் இருக்கப் பார்த்துக்கொண்டோம்.

ஆச்சி இன்னும் நோட்டை விடவில்லை. விடச் சொல்லி நான் கேட்பதும் இல்லை. ஒவ்வொரு வியாழனும் முதலில் நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன். செயலியில் ஏற்ற முடியாதது எதுவோ அதுதான் அதில் இருக்கும். "இவுக வீட்டுக்கு எள்ளு வேண்டாம்" என்று ஒரு வரி, "போன தடவை டின் திரும்பி வரலை" என்று ஒரு வரி. அதிலிருந்து அடுத்த சீட்டுகள் வருகின்றன. ஆடியில் பக்கம் நிறைய எழுதிய நோட்டில் கார்த்திகையில் வாரத்துக்கு நாலைந்து வரிதான்.

கற்றுக்கொள்ள ஆசைப்படும் தங்கைகள் சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்க உதவலாம். அதற்கு முன் கையேட்டைப் படியுங்கள், காசில்லாமல் கிடைக்கிறது. படித்த வாரமே எதையாவது சின்னதாகச் செய்து, அதைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

எல்லா வேலைக்கும் அஜைல் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அப்பாவின் பட்டறையில் ஒரு வீட்டுத் தரைக்குக் கல் ஊற்ற ஆரம்பித்த பிறகு இரண்டு வாரத்துக்கொரு முறை பூவை மாற்றச் சொன்னால் யாருக்கும் தரை கிடைக்காது. திருத்துகிற செலவு எங்கே குறைவோ அங்கேதான் இந்த முறைக்கு அர்த்தம். ஆனால் அங்கேயும், மொத்தத்தையும் ஊற்றுவதற்கு முன் மாதிரிக் கல் ஒன்று ஊற்றி, வீட்டுக்காரரை வரச் சொல்லி, வெயிலில் வைத்து நிறத்தைக் காட்டுவார் அப்பா. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அதை வியாபார மரியாதை என்று மட்டும் நினைத்திருந்தேன்.

போன மாதம் அப்பா, பட்டறைக்கும் ஒரு செயலி செய்து தரலாமே என்று கேட்டார். பட்டியல் எழுத நோட்டை எடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன். "ஆர்டர்னு போன் வந்தா மொதல்ல எதைப்பா பார்ப்பீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். விலை, அளவு, நிறம் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வார் என்று எனக்குள் ஒரு பதில் தயாராக இருந்தது.

அப்பா பட்டறைக்குள் திரும்பிப் பார்த்தார். "கண்ணாடி எத்தனை காலியா இருக்குன்னு பார்ப்பேன்" என்றார். ஊற்றின கல் இறுகி எழும்பும் வரைக்கும் கண்ணாடி அதன் அடியில்தான் கிடக்கும். காலிக் கண்ணாடி இல்லாமல் அடுத்த கல் ஊற்ற முடியாது. எத்தனை ஆள் இருந்தாலும், எத்தனை மூட்டை சிமெண்டு இருந்தாலும் அன்றைய கணக்கு கண்ணாடிக் கணக்குதான். 9 வருஷம் அந்தப் பட்டறைக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். என் பேரேடு எதிலும் கண்ணாடிக்கு ஒரு கட்டம் இருந்ததில்லை.

முதல் சீட்டில் அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறோம்: "காலிக் கண்ணாடி எத்தனை?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு திரையோடு ஆத்தங்குடிக்குப் போகிறேன்.